முனியப்பன் எதிரில் நான் குனிவது எதற்கு

மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறவனுக்கு இரண்டு நம்பிக்கை வேண்டும் என்பார்கள்: ஒன்று சாமி மேல், இன்னொன்று பிரேக் மேல். எனக்கு இரண்டாவது மட்டும்தான் வாய்த்திருக்கிறது. அதையும் தினம் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன்.

கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் நடுவே பதினெட்டு வருடமாக ஷேர் ஜீப் ஓட்டுகிறேன். இன்றுவரை ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன், சொல்லிக்கொள்ள வேறு சொத்து கிடையாது. ஸ்டியரிங் பிடித்து முதுகுவலி சம்பாதித்த சக டிரைவர்களே, பின் சீட்டிலிருந்து ஆளுக்கொரு யோசனை வர, அத்தனையையும் கேட்டுக்கொண்டே வளைவில் வண்டியைத் திருப்புகிற உங்களுக்குத்தான் என் கதை புரியும்.

நாலு டயர் பக்தி

கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு முனியப்பன் கோயில் இருக்கிறது. கோயில் என்றால் வேப்பமரமும் சூலமும் ஒரு மேடையும்தான். எல்லா டிரைவரும் அங்கே நிறுத்தி, முன்சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் ஏறுவார்கள். நானும் அங்கேதான் நிறுத்துவேன், அந்தப் பாதையில் கடைசிச் சமதளம் அது என்பதால். இறங்கி, நாலு சக்கரத்தின் முன்னாலும் குனிந்து, உள்பக்கம் பிரேக் ஆயில் கசிகிறதா என்று பார்ப்பேன். டயரைத் தடவுவேன். சக்கரத்தின் நடுவில் கை வைத்துச் சூடு பார்ப்பேன். இறங்கும்போது வெள்ளிமலை ஸ்டாண்டில் இதே சோதனை மறுபடியும். கற்பூரத்தை வண்டியில் வருகிறவர்கள் யாராவது ஏற்றிவிடுவார்கள், அதனால் நான் ஏற்றாதது யார் கண்ணிலும் படவில்லை.

கரியாலூர்ப் பக்கம் இருந்து கடுக்காயும் புளியும் மூட்டை கட்டிக்கொண்டு சந்தைக்கு வரும் பொன்னம்மா என் நிரந்தரப் பயணி. ஒருநாள் புதிதாக ஏறிய ஒரு பெண் வளைவுகளை நினைத்துப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பொன்னம்மா தைரியம் சொன்னது என் காதில் விழுந்தது. விழுந்தும் நான் திருத்தவில்லை. ஏழு வருடம் திருத்தவில்லை, அது என் தப்புத்தான். அவர் சொன்னது இது: "பயப்படாத கண்ணு, இந்த டிரைவருக்குப் பக்தி ஜாஸ்தி. மத்தவங்கள்லாம் ஒரு டயருக்குப் பழம் வச்சிட்டுப் போய்க்கினே இருக்காங்க, இவரு நாலு டயரையும் தொட்டுத் தொட்டுக் கும்புடறாரு!"

தோழருக்கு வந்த ஏமாற்றம்

விழுப்புரத்திலிருந்து கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் அருவி பார்க்க வந்தார். ஜீப்பின் கண்ணாடியில் சாமி படம் இல்லாததைக் கவனித்தது பதினெட்டு வருடத்தில் அவர் ஒருவர்தான். "நீங்க நாத்திகரா?" என்று கேட்டார். "சாமி இருக்கிறதாகத் தோணல சார்" என்றேன். மனிதருக்கு அப்படியொரு சந்தோஷம். எப்போது முடிவெடுத்தீர்கள், என்ன படித்தீர்கள், வீட்டில் எதிர்ப்பு வந்ததா என்று வரிசையாகக் கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். முடிவெடுத்த நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. தீ மிதித்திருக்கிறேன், காவடி எடுத்திருக்கிறேன், மொட்டை போட்டிருக்கிறேன். என்றைக்கோ ஒருநாள் உள்ளே தேடிப் பார்த்தபோது அந்த நம்பிக்கை இல்லை, தலையில் நரை விழுந்ததை ஒருநாள் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. யாரும் பிடுங்கவில்லை, நானும் தூக்கி எறியவில்லை. இதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. கரியாலூரில் இறங்கும்போது வருத்தமாகச் சொன்னார்: "நீங்களா யோசிச்சு விட்டிருந்தா மேடையில ஏத்திப் பேச வச்சிருப்பேன் தோழர். தானா போயிடுச்சுன்னா எப்படிங்க கைதட்டுறது?"

காதர் பாயின் கோபம்

கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் காதர் பாய்தான் என் ஜீப்புக்கு வைத்தியர். பாங்கு சொன்னால் ஸ்பேனரை வைத்துவிட்டு, கிரீஸ் போகக் கை கழுவி, தொழுதுவிட்டு வந்துதான் மறுபடி தொடுவார். தோழர் கேட்ட கேள்வியை ஒருநாள் அவரிடம் திருப்பிக் கேட்டேன். "பாய், நீங்க நம்பறதுன்னு எப்ப முடிவு பண்ணீங்க?"

அவர் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார். அங்கிருந்தே பேசினார். மனைவி இறந்தபோது, இனிமேல் நம்புவதில்லை என்று நிஜமாகவே முடிவு செய்தாராம். இரண்டு மாதம் பள்ளிவாசல் பக்கமே போகவில்லையாம். அந்த வீம்பு எப்படி முடிந்தது என்பதையும் அவரே சொன்னார்: "தெனம் காலைல எழுந்திரிச்சு அவன்கிட்ட சண்டை போடுவேன் செல்வம். ஒருநாள் எனக்கே சிரிப்பு வந்திடுச்சு. இல்லாதவன்கிட்ட எவனாச்சும் ரெண்டு மாசம் சண்டை போடுவானா?"

முதலாளியம்மா போட்ட உத்தரவு

தோழர் சும்மா போகவில்லை. அடிவாரத்தில் கச்சிராயபாளையம் டீக்கடையில் உட்கார்ந்து, "அந்த டிரைவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, ஆனாலும் எவ்வளவு நல்லா ஓட்டறாரு!" என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போயிருக்கிறார். பாராட்டின் முதல் பாதி மட்டும் மலை ஏறியது. அடுத்த வாரம் பாதி சீட்டு காலி. சிலர் என் ஜீப்பில் ஏறப் பயந்து, படிக்கட்டில் தொங்கிக்கொண்டு பஸ்ஸில் போனார்கள்.

ஜீப் என்னுடையது இல்லை. கள்ளக்குறிச்சியில் இருக்கும் முதலாளியம்மாவுடையது. நல்ல மனுஷி, பேச்சு சுருக்கம். அந்தச் சாவி போனால் எனக்கு வேறு சாவி கிடைக்காது. சாமி இல்லாத டிரைவர் என்று பெயர் வாங்கியவனை இந்த மலையில் எவன் வேலைக்கு வைப்பான்? மகள் நர்சிங் இரண்டாம் வருடம். என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்து, முதலாளியம்மா பொறுமையாகத்தான் சொன்னார்: "இன்னா செல்வம், இது இன்னா பெரிய விஷயமா? நாளைலருந்து நம்பு. முடியாதுன்னா சாவியக் குடுத்துடு."

எட்டு நாள்

முயற்சி செய்தேன். விளையாட்டாக இல்லை, மனசாரச் செய்தேன். எட்டு நாள் முனியப்பன் எதிரில் கற்பூரம் ஏற்றிக் கண்ணை மூடி நின்றேன். கை சொன்ன பேச்சைக் கேட்டது, சேர்ந்து நின்றது. தலை குனிந்தது. உள்ளே மட்டும் ஒன்றும் அசையவில்லை. "அப்பா, நீ இரு" என்று கெஞ்சியும் பார்த்தேன். கெஞ்சி முடிப்பதற்குள் இடது பின் டயர் ஒரு பக்கமாகத் தேய்வது நினைவுக்கு வந்துவிடும். அந்த எட்டு நாளில் இரண்டு தடவை, கற்பூரம் காட்டிய கையோடு சக்கரத்தைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தேன். கும்பிட்டாயிற்றே என்று ஒரு திருப்தி. பாதி மலையில் அது உறைத்ததும் பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தேன். பதினெட்டு வருடத்தில் நான் என்னைப் பார்த்து வெட்கப்பட்டது அப்போதுதான்.

வீட்டில் மனைவி மல்லிகாவிடம் சொன்னேன். அவள் வாரம் இரண்டு நாள் விரதம் இருக்கிறவள். கண்ணை மூடி நின்றால் போதாதா, உள்ளே எட்டிப் பார்க்க யார் வரப்போகிறார்கள் என்பாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "பொய்யா கும்புட்டா எங்க சாமிக்குத்தான் அவமானம். சாவியக் குடுத்துட்டு வூட்டுக்கு வாங்க, பாத்துக்கலாம்."

வெள்ளிமலை ஸ்டாண்ட்

மறுநாள் சந்தை நாள். மலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்ததும் சாவியைக் கொடுத்துவிடுகிறேன் என்று முதலாளியம்மாவுக்குப் போன் செய்தேன். வெள்ளிமலையில் ஜீப் நிறையக் கூட்டம் ஏறியது. எட்டு நாளாக நான் கற்பூரம் காட்டுகிறேன் என்ற செய்தியும் மலை ஏறியிருந்தது. கிளம்பும் முன் எல்லார் முகத்தையும் பார்த்துச் சொல்லிவிட்டேன். "நான் கும்புடறவன் இல்ல. இத்தினி வருஷமா குனிஞ்சது டயரைப் பாக்கறதுக்கு. நம்பிப் பாத்தேன், வரல. புடிக்காதவங்க இறங்கிக்கலாம்." நாலு பேர் இறங்கினார்கள். பொன்னம்மா மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஏமாந்துபோன முகத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஏழு வருடமாகத் திருத்தாமல் விட்டதற்கு அந்த முகம் எனக்குச் சரியான தண்டனை.

பிறகு வழக்கம்போல் குனிந்தேன். இடது பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரம். தொட்டு முகர்ந்து பார்த்தேன், பிரேக் ஆயில். ஏறிப் பெடலை மிதித்தால் தரைவரை போனது. வண்டி நகராது என்றேன். சந்தைக்கு நேரமாகிறது என்று ஒரே சத்தம். "முனியப்பன் பாத்துப்பாரு, எடுப்பா" என்று நாலு பக்கமும் கத்தினார்கள். ஒருவர் முதலாளியம்மாவுக்கே போன் போட்டுக் கொடுத்தார். "கடைசி நாள்ல இன்னா தகராறு? மெதுவா உருட்டிக்கினு வந்துடு" என்றார் அவர். "சாவி இப்பவே உங்களுதுமா, ஆனா நான் எடுக்கமாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த நிமிடத்தைப் போல நான் நிமிர்ந்து நின்றது வாழ்க்கையில் வேறு இல்லை.

நான் போன் செய்ததும் காதர் பாய் பஸ் பிடித்து ஏறி வந்து சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே ரப்பர் கிழிந்திருந்தது. மூன்றாவது வளைவுவரைகூட இந்த பிரேக் தாங்கியிருக்காது என்று எல்லார் எதிரிலும் சொன்னார். கையோடு கொண்டுவந்த புது ரப்பரைப் போட்டு, பெடலை மிதித்துச் சரிபார்த்துக் கொடுத்தார். இறங்கிப்போன நாலு பேரில் மூன்று பேர் சத்தமில்லாமல் வந்து ஏறிக்கொண்டார்கள்.

முனியப்பன் கோயிலில் நிறுத்தினேன். நான் சக்கரத்துக்குக் குனிய, பொன்னம்மா இறங்கிக் கற்பூரம் ஏற்றினார். அங்கே முதலாளியம்மா ஆட்டோவில் வந்து காத்திருந்தார், பாய் போனில் எல்லாம் சொல்லிவிட்டார் போல. நான் சாவியை நீட்டினேன். அவர் சாவியையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். விபூதியை நெற்றியில் இட்டுக்கொண்டு எங்கள் நடுவில் வந்த பொன்னம்மாதான் தீர்ப்புச் சொன்னார்: "சாவியை வாங்காதீங்கம்மா. முனியப்பன்தான் நமக்காக இவரை நம்பாதவரா வச்சிருக்காரு. நம்பறவரா இருந்திருந்தா பழத்த நசுக்கிட்டு எடுத்திருப்பாரே!"

ஆக, என் அவநம்பிக்கை நான் எடுத்த முடிவு இல்லை என்று தோழரிடம் நான் சொன்னதை மலையே இப்போது ஒப்புக்கொண்டுவிட்டது, அது முனியப்பன் எடுத்த முடிவாம். எடுத்தவர் யாராக இருந்தாலும் நாலு டயரையும் குனிந்து பார்ப்பது இன்றைக்கும் நான்தான்.