புதன்கிழமைக் குப்பன்

“தோ, வந்துகினே இருக்கேன்மா. ஓடையாண்ட வந்துட்டேன்” என்று போனில் சொல்கிறார் குப்பன். சொல்லும்போது அவர் உட்கார்ந்திருப்பது தன் வீட்டு வாசலில். கையில் பாதி தோல் உரித்த மரவள்ளிக் கிழங்கு. ஓடை ஒரு மணி நேர நடையில், கீழே இருக்கிறது. அதற்கும் அப்பால் அங்கன்வாடியில் குளிர்பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் நர்ஸ் ஷாலினி, இதை நம்பி இன்னும் கொஞ்ச நேரம் காத்திருப்பார். தடுப்பூசி நாளான புதன்கிழமைதோறும் இந்தக் கூத்துதான்.

கல்வராயன் மலையில் இந்தச் சிற்றூருக்கு வாத்தியாராக வந்த நாள் முதல் இந்த மனிதரோடு மல்லுக்கட்டுகிறேன். கெட்டவர் இல்லை. குடி கிடையாது. மகள் சங்கவியைத் தோளில் போட்டுக்கொண்டுதான் சாமைக் கொல்லைக்கே போவார். அந்தக் குழந்தைக்கு ஒன்பதாம் மாதம் போட்டிருக்க வேண்டிய தட்டம்மை ஊசி, ஒரு வயது தாண்டியும் போடவில்லை. போன வாரம் குடும்பத்தோடு குடகுக் காப்பித் தோட்டத்துக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். சென்ற வருஷம் அதே தோட்டத்தில் தட்டம்மையில் ஒரு குழந்தை செத்துப்போனது. அதற்குக் குழி வெட்டியதே இவர்தான்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கேட்டால் பதில் தயாராக இருக்கும். “போன ஊசிக்கு ரெண்டு நாளு ஜுரம் சார். எம் பொண்டாட்டி வெள்ளச்சி வூட்டோட கெடந்தா. மேஸ்திரி வேற ஆளப் போட்டுக்கினாரு. ஜுரத்துக்கு யாரு சார் கூலி குடுப்பா?”

நைனார்பாளையத்தில் என் தங்கை ராதிகாவுக்கு இந்தக் கவலை இல்லை. ஊசி நாளில் கணவர் லீவு போட்டுவிட்டு பைக்கில் கூட்டிப்போவார். ஜுரம் வந்தால் மாமியார் பார்த்துக்கொள்வார். அதற்கே அவளுக்கு ஆயிரம் அலுப்பு. அவளைக் காட்டித்தான் நான் குப்பனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இதே குப்பன் ஆட்டு ஊசியை மட்டும் தவறவிட்டதே இல்லை. “ஆட்டுக்குன்னா மொத ஆளா நிக்கிறீங்க, பெத்த புள்ளைக்கு இன்னா வந்துச்சு?” என்று ஒருநாள் கத்தியே விட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

“மாட்டு டாக்டரு ஜீப்புல வூட்டாண்ட வராரு சார். புள்ளைக்குன்னா நாங்கதான எறங்கிப் போவணும்?”

ஷாலினியிடம் இருப்பது சொந்த ஸ்கூட்டர். அது ஓடையோடு நின்றுவிடும். அந்த ஜீப்பிலேயே அவரையும் ஏற்றி வரலாமே என்று விசாரித்தேன். அது வேறு இலாகாவாம். யார்மேல் எரிந்து விழுவது என்று தெரியாமல் அன்று முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் சிடுசிடுத்தேன்.

அவர் மூட்டை கட்டிய அதே வாரம் வெள்ளிக்கிழமை காலை ஆட்டு முகாமுக்கு ஜீப் முனகிக்கொண்டு ஏறி வந்தது. வழக்கம்போல் குப்பன்தான் வரிசையில் முதல் ஆள். தோளில் சங்கவி தூங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் ஆடாகக் கழுத்தைப் பிடித்து நிறுத்தினார். கடைசி ஆட்டுக்கும் ஊசி போட்டுவிட்டு, “அடுத்து யாருப்பா?” என்றார் மாட்டு டாக்டர்.

குப்பன் நகரவில்லை. “இதுக்கும் ஒண்ணு போட்டுடுங்க சார். நாளன்னிக்குக் கெளம்புறோம்” என்று சொல்லி, சங்கவியின் சட்டைக் கையை மேலே சுருட்டி, அந்தச் சின்னக் கையை டாக்டர் முன்னால் நீட்டிப் பிடித்தார்.