பஸ் டிரைவருக்குத் தலைவணங்கியவன்

இன்று பத்து காஜா ஊர் கோர்ட்டில் முதன்முறையாக வாய் திறந்தேன். பெரிய வக்கீலுக்கு வேறு வழக்கு. பயிற்சி வக்கீலான நான் வழக்கைத் தள்ளிவைக்கத் தவணை கேட்காவிட்டால், எங்கள் கட்சிக்காரர், லாரி ஓட்டும் ராஜு அண்ணன் தனியாக நிற்க வேண்டியதுதான்.

தவணை கிடைத்தது.

தலைகால் புரியாமல் ஈப்போ பஸ் ஏறினேன். இறங்கும்போது மாஜிஸ்திரேட்டுக்குச் செய்ததைப் போலவே டிரைவருக்கும் குனிந்து வணங்கிவிட்டேன்.

"நான் என்ன ஜட்ஜா? எறங்குலா தம்பி."

பின்னால் நின்ற அக்கா, "உத்தரவு குடுங்கண்ணே, பாவம்" என்றார்.

டிரைவர் முறுக்காகத் தலையசைத்தார். "சரி, போலாம்."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், மனைவி மாலா இறந்த பிறகு முதல் தடவையாக. வக்கீல் படிப்புக்கு முன் வயர்மேனாக இருந்தவன் சொல்கிறேன்: லைன் இன்னும் அறுந்துபோகவில்லை.

வக்கீல் மச்சான்களே, கோர்ட்டுக்கு வெளியே நீங்கள் யாருக்கெல்லாம் குனிந்தீர்கள்? மனைவிக்குக் குனிந்ததெல்லாம் கணக்கில் வராது.