மூன்று நாளில் தீர்ந்த வலி

மேற்குத் தாம்பரத்தில் அத்தாவுல்லாவின் நாட்டு மருந்துக் கடையை எல்லோருக்கும் தெரியும். காய்ந்த சருகைக் கசக்கி முகர்ந்தே ஆடாதோடையா நொச்சியா என்று சொல்லிவிடுவார். கொரோனா வந்த வருடம் கபசுரக் குடிநீர்ப் பொடிக்குக் கடை வாசலில் வரிசை நின்றது. அப்போதும், "குடிங்க, நல்லதுதான். அதுக்காக மாஸ்க்கைக் கழட்டிடாதீங்க" என்று சொல்லித்தான் பொட்டலம் மடித்தார். அப்படிப் பேசுகிறவர் என்பதாலேயே ஜனங்கள் அவரை நம்பினார்கள்.

அவர் நம்பியது கேளம்பாக்கத்துச் சுப்பராயலுவை. இருபது வருடமாகச் சரக்கு கொண்டுவருகிறவர். ரமலானில் நோன்புக் கஞ்சி குடிக்கத் தவறாமல் வந்துவிடுவார். அத்தாவுல்லாவின் மகள் ரூக்சாரின் நிக்காஹ் அன்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பிரியாணி பரிமாறினார்.

அத்தாவுல்லாவின் மனைவி அக்தர் பேகத்துக்கு மூட்டு வாதம். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. டம்ளரைப் பிடிக்கவே அரை மணி நேரமாகும். டாக்டர் கொடுத்த மாத்திரை வயிற்றைப் புரட்டியதால் பாதியில் விட்டுவிட்டாள். அது தெரிந்துதான் சுப்பராயலு ஒரு டப்பாவோடு வந்தார்.

"நானே போட்ட சூரணம் பாய். சீந்தில், அமுக்கரா, முடக்கத்தான். எதிர்ப்பு சக்திய ஏத்திவுடும். அண்ணிக்குக் குடுத்துப் பாரு."

அத்தாவுல்லா நாக்கில் வைத்துப் பார்த்தார். சீந்திலின் கசப்பு சரியாக இருந்தது. மூன்றாம் நாள் காலை அக்தர் பேகம் தன் கையாலேயே இடியாப்பம் பிழிந்தாள். அதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வாரமே சூரணத்தைக் கடையில் வைத்தார். "என் வூட்லயே சாப்புடறாங்க" என்று சொல்லித்தான் விற்றார்.

எட்டு மாதத்தில் அவள் முகம் பூரித்து உருண்டது. பார்த்தவர்களெல்லாம் உடம்பு தேறிவிட்டதென்றார்கள். பிறகு முதுகில் அக்கி கொப்பளித்தது. அது ஆறுவதற்குள் சளி கட்டிக் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வர, மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று.

டாக்டர் ஹேமாவதி அவள் முகத்தை நெடுநேரம் பார்த்தார். "வேற என்ன மருந்து சாப்பிடறாங்க?"

அத்தாவுல்லா தயங்காமல் டப்பாவை எடுத்துக் காட்டினார். "மூலிகைதான் மேடம். எதிர்ப்பு சக்திக்கு."

"இந்த வியாதியில எதிர்ப்பு சக்தி குறைஞ்சு போகல சார். அது வழி தவறி, சொந்த மூட்டையே தாக்குது. அதை ஏத்தி என்ன பண்றது? மூலிகைங்க சிலது தூண்டும், சிலது தணிக்கும். எது எவ்வளவுன்னு இன்னும் ஆராய்ஞ்சுக்கிட்டுதான் இருக்காங்க. ஆனா மூணு நாள்ல இப்படி வலியை அணைக்கிற இலை எனக்குத் தெரிஞ்சு இல்லை. இதுல ஸ்டீராய்டு கலந்திருக்குன்னு சந்தேகப்படறேன். முகம் இப்படி உப்பினதும் அதனாலதான். அது எதிர்ப்பு சக்தியை அமுக்கிடும். அதான் அக்கி, அதான் இந்த நிமோனியா."

"சுப்பராயலு அப்படிப்பட்ட ஆள் இல்ல மேடம்" என்றார் அத்தாவுல்லா.

டாக்டர் பொடியைச் சோதனைக்கு அனுப்பினார். பத்து நாளில் அறிக்கை வந்தது. டாக்டர் சந்தேகப்பட்டதேதான்.

அன்றே அத்தாவுல்லா பஸ் ஏறி கேளம்பாக்கம் போனார். சுப்பராயலு அரவை மிஷினை நிறுத்திவிட்டு அறிக்கையைப் படித்தார். முகம் மாறவில்லை.

"எல்லாரும் கலக்கறாங்க பாய். வெறும் பொடிய வித்தா எவன் திரும்பி வர்றான்? துளியூண்டுதான் போட்டேன்."

"உன் சம்சாரத்துக்கும் முட்டி வலிதானே? மாசா மாசம் என் கடைல நான் பொறுக்கி வச்ச முடக்கத்தானும் சுக்கும் தனியா வாங்கினு போவியே, அது யாருக்கு?"

சுப்பராயலு மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சொல்லு சுப்பராயலு. உன் சூரணத்த அவங்களுக்குக் குடுத்தியா?"

"இல்ல" என்றார் கடைசியில்.

அத்தாவுல்லாவுக்குக் கை ஓங்க வந்தது, ஓங்கவில்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தார். தாம்பரம் பஸ் இரண்டு போய்விட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. இருபது வருடத்தில் அந்த ஆள் கொண்டுவந்த மூட்டைகளில் எதெது உண்மை என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் புகார் எழுதிக் கொடுத்தார். அடுத்த வேலை அதைவிடக் கடினம். சூரணம் வாங்கியவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போனார். டாக்டர் எச்சரித்திருந்தார்: திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, டாக்டரைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். கோவிலம்பாக்கத்தில் துளசிங்கம் வீட்டு வாசலில் நின்று அதைச் சொல்லி முடிப்பதற்குள் துளசிங்கம் கத்த ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா பாய், நீயே வித்துட்டு நீயே வந்து விஷம்ன்ற? உன்ன நம்பித்தானே எங்கம்மாவுக்கு வாங்கினு போனேன்!"

"எனக்குத் தெரியாது துளசிங்கம்."

"தெரியாதுன்னா எதுக்குக் கடை வச்சிகினு கீற?"

அத்தாவுல்லா டாக்டரின் விலாசம் எழுதிய சீட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். மேடவாக்கத்தில் ஓர் அம்மாள், அறிக்கையைக் காட்டியும், பொடியை விட மாட்டேன் என்று டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டாள். வலி இல்லாமல் தூங்குகிறாளாம்.

அக்தர் பேகம் மூன்று வாரம் கழித்து வீடு திரும்பினாள். விரல்கள் பழையபடி மடங்க மறுத்தன. சுப்பராயலு சொன்னதையெல்லாம் அத்தாவுல்லா ஒன்று விடாமல் சொன்னார். நண்பன் என்று நினைத்தேனே, இப்படி முதுகில் குத்திவிட்டானே என்று அழுதார்.

"அந்த ஆள நம்பி நான் சாப்புடலைங்க" என்றாள். "நீங்க குடுத்தீங்கன்னு சாப்ட்டேன்."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

கேளம்பாக்கத்து அரவைக் கூடத்துக்குச் சீல் வைத்தார்கள். அத்தாவுல்லா கடையில் இப்போது அரைத்த பொடி எதுவும் கிடையாது. வேரும் இலையும் காயும் முழுதாக மட்டும்தான். கூட்டம் பாதியாகிவிட்டது. காலையில் கடைக்குக் கிளம்புமுன் டாக்டர் எழுதிய மாத்திரைகளைப் பிரித்து மனைவியின் உள்ளங்கையில் வைக்கிறார். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குகிறாள்.