மேடையில் மன்னிக்க வைக்கப்பட்டவள்

அந்தப் படத்தை நான் தொழிற்சாலைக் கேண்டீனில்தான் பார்த்தேன். தெப்ராவில் எங்கள் தொழிற்சாலையில் வேலை நேரத்தில் போனை லாக்கரில் பூட்டிவிட வேண்டும். சாப்பாட்டு வேளையில்தான் கைக்கு வரும். வகுப்புப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் என் மகள் நிற்கிறாள். சூப்பர் ஹீரோ மாதிரி கழுத்தில் முடிந்து முதுகில் தொங்கவிட்ட சிவப்புத் துணி, மார்பில் அட்டையில் வெட்டி ஒட்டிய நட்சத்திரம். பக்கத்தில் இன்னொரு சிறுமி. இரண்டு பேரும் கைகுலுக்குகிறார்கள். "நம் வகுப்பின் முதல் அன்பு வீராங்கனை!" என்று டீச்சர் எழுதியிருந்தார். அதற்கடியில் வரிசையாகக் கைதட்டல்கள், இதயங்கள்.

அந்த இன்னொரு சிறுமிதான் முந்தைய நாள் என் மகளின் பின்னலை வெட்டியவள்.

ஓவியப் பாடத்தின்போது, பின்னால் உட்கார்ந்துகொண்டு, காகிதம் வெட்டும் கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறாள். இடது பக்கத்துப் பின்னல் பாதிக்கு மேல் போய்விட்டது. வெட்டுப்பட்ட துண்டை என் மகள் பென்சில் பெட்டியில் மடித்து வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "டீச்சர் நாளைக்குப் பேசுறேன்னு சொன்னாங்கம்மா" என்றாள். சரி, பேசுவார்கள் என்று நானும் நம்பினேன். இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும் என்று குளியலறையில் உட்காரவைத்து மிச்ச முடியையும் கழுத்தளவுக்கு வெட்டினேன். வெட்டி முடிக்கும்வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை.

டீச்சர் பேசிய லட்சணம் இதுதான்.

சாப்பாட்டைத் தொடாமல் எழுந்தேன். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். டீச்சர் என்னைவிட இளையவர், இனிமையாகச் சிரிப்பவர். என்னைப் பார்த்ததும் பாராட்டுக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல. ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார்.

"இந்த வாரம் முழுக்க இதத்தான் நடத்துறோம். அன்புதான் சூப்பர் பவர். உங்க பிள்ளைதான் அத முதல்ல காட்டுனாங்க. நீங்க பெருமப்படணும் லா."

"மன்னிக்கிறியான்னு அவகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேனே. தலையாட்டுனாங்க."

"எங்க வச்சுக் கேட்டீங்க?"

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "காலைல சபைகூடல்ல, மேடையில."

"மைக்க வச்சிக்கிட்டா? ஸ்கூலே பாத்துக்கிட்டு இருக்கறப்போ எட்டு வயசுப் பிள்ளை வேற என்ன செய்வா டீச்சர்? வெட்டுன பிள்ளைய என்ன கேட்டீங்க?"

"அவங்களும் சின்னப் பிள்ளைதானே. எல்லார் முன்னாடியும் கேட்டா அவமானமா போயிரும்னு…"

"அப்ப என் பிள்ளைக்கு அவமானம் இல்லியா?"

அந்தப் படத்தை நீக்கச் சொல்லிவிட்டு மகளை அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த அன்பை எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் லைன் லீடர் என் தோளில் கை வைத்தபோது, அலுவலகத்தில் என்னிடம்தான் "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்றார்கள். கல்யாணமான வருடம் நாத்தனார் பேசிய பேச்சுக்கும் பெரிய மனசு காட்டவேண்டியவள் நான்தான். அடித்தவரை ஒன்றும் கேட்காமல், அடிபட்டவளிடம் மட்டும் நல்லவளாக இருக்கச் சொல்வது. இப்போது அதற்குக் கலர் படம் போட்டு, முதுகில் ஒரு துணியும் கட்டிவிட்டிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் மகளும் நானும் அந்தப் புத்தகத்தைச் சேர்ந்து படித்தோம். ஒரு பூதம் வந்து சிறுமியின் வீட்டை மிதித்து நொறுக்குகிறது. சிறுமி அதற்கு பிஸ்கட் கொடுக்கிறாள். பூதம் அழுகிறது. இருவரும் நண்பர்களாகிறார்கள். கடைசிப் பக்கத்தில் வானவில்.

"அம்மா, பூதம் அந்த வீட்டத் திரும்பக் கட்டிக் குடுத்துச்சா?"

பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். "இல்லம்மா. கட்டல."

"அப்ப அந்தப் பிள்ளை எங்க தூங்குவா?"

படம் போட்டவருக்கும் எழுதியவருக்கும் தோன்றாத கேள்வி அது.

மறுநாள் அந்த இன்னொரு சிறுமியின் அம்மா மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே, "எனக்கு யாருமே சொல்லலக்கா. அந்தப் போட்டோவுக்கு நானும் ஹார்ட் போட்டேன். நேத்து ராத்திரிதான் இவளே அழுதுகிட்டு சொன்னா" என்றார். அவர் முகத்தில் இருந்த கோபத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு துணை கிடைத்தது போல இருந்தது. அவரையும்தானே ஏமாற்றியிருக்கிறார்கள்.

சிறுமி என் மகளின் முன்னால் வந்து நின்றாள். "உன் முடி அழகா இருந்துச்சு. எனக்குப் பொறாமையா இருந்துச்சு. வெட்டுனது தப்பு. சாரி."

என் மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக அவளைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கு இன்னும் கோவமா இருக்கு."

"இருக்கட்டும்மா" என்றார் அந்த அம்மா. "கோவம் போனப்புறம் பேசு. போகலன்னா பேச வேணாம்."

யாரும் கைகுலுக்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். சில வாரங்கள் கழித்து அந்த இரண்டு சிறுமிகளும் பள்ளி வாசலில் ஒரே ஐஸ்கிரீமை மாற்றி மாற்றிக் கடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். எப்போது, எப்படிச் சமாதானம் ஆனார்கள் என்று நான் கேட்கவில்லை. அது அவர்களுடையது.

படம் குழுவிலிருந்து காணாமல் போனது. டீச்சரிடமிருந்து மன்னிப்பு வரவில்லை. ஆண்டு முடிவில் மதிப்பெண் அட்டை வாங்கப் போனபோது டீச்சர் அதே சிரிப்போடு, "அடுத்த வருஷமும் அன்பு வாரம் செய்யப்போறோம், நீங்களும் வந்து ஒத்தாச பண்ணுங்களேன்" என்றார்.

"வரேன். யாராவது அடிபட்டா, அடிச்ச பிள்ளைகிட்ட மொதல்ல நான் பேசுறேன்."

நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் சத்தமாகச் சிரித்தார். நான் சிரிக்காமல், அவர் சிரித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.