ஜெனிற்றா நின்ற இடத்துக்குப் போன வழி

பழைய கொம்பியூட்டர் ஒன்றின் விசிறி சூடேறிச் சுற்றத் தொடங்கினால் அதற்குள்ளிருந்து ஒரு மணம் வரும். எரிந்த தூசியும் இளகிய பிளாஸ்ரிக்கும் கலந்த மணம். எனக்குப் பதினொரு வயதாக இருந்த ஆண்டில், இத்தாலியின் பலெர்மோ நகரத்துக் கிழக்குப் புறமான பிரான்காச்சோவில், தொடர்மாடி ஒன்றின் ஐந்தாம் தளத்தில், வெயிலுக்காக யன்னல் தட்டியைப் பாதிவரை இறக்கிவிட்ட அறையில், அந்த மணத்தை முகர்ந்தபடிதான் நானும் ஜெனிற்றாவும் பின்னேரங்களைக் கழித்தோம். வெளியே "ஷிரொக்கோ" காற்று மணலை அள்ளிக்கொண்டு வந்து தட்டியில் கொட்டிக்கொண்டிருக்கும். உள்ளே நாங்கள் இருவரும், செத்தும் சாகாதவர்கள் அலைந்து திரிகிற ஒரு நாட்டைத் திரையில் நடந்து கடந்துகொண்டிருப்போம்.

ஜெனிற்றா என் வகுப்புத் தோழி. அவளுடைய குடும்பம் மன்னாரிலிருந்து வந்தது, வேதக்காரர். நாங்கள் யாழ்ப்பாணம், சைவம். அவர்கள் ஐந்தாம் தளம், நாங்கள் மூன்றாம் தளம். அவளுடைய அம்மாவும் என் அம்மாவும் காலையில் ஒரே பஸ்ஸில் ஏறிப் நகர நடுவிலுள்ள பொலிதேயாமாப் பக்கம் இறங்கி, அடுத்தடுத்த தெருக்களில் வெவ்வேறு எசமானிகளான "சிஞ்ஞோரா"க்களின் வீடுகளைத் துப்புரவு செய்யப் போவார்கள். ஜெனிற்றாவின் அப்பா வேலைசெய்த வீட்டுப் பெடியன் வேண்டாமென்று ஒதுக்கிய கொம்பியூட்டர்தான் அவளுடைய அறைக்கு வந்தது. அந்த விளையாட்டு ஏற்கெனவே அதற்குள் இருந்தது.

விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய நாடு அது. கடற்கரை, வயல், காடு, மலை, இடையிடையே ஆளில்லாத ஊர்கள். எங்கோ ஒரு கடற்கரையில் வெறுங்கையோடு கண் விழிப்பீர்கள். பசிக்கும், தண்ணீர் விடாய்க்கும், குளிரும். ஊர்களுக்குள்தான் உணவு இருக்கும். ஊர்களுக்குள்தான் செத்தவர்களும் இருப்பார்கள். நாங்கள் அவர்களை இத்தாலிய மொழியில் "மோர்த்தி" என்போம். பலெர்மோப் பிள்ளைகளுக்கு நவம்பர் இரண்டாந் தேதி செத்தவர்கள் வந்து சீனிப் பொம்மை வைத்துவிட்டுப் போவார்கள் என்பது வழக்கம், ஆகவே அந்தச் சொல்லில் எங்களுக்குப் பெரிய பயம் இருக்கவில்லை. பயமெல்லாம் வழி தவறுவதில்தான். ஏனென்றால் அந்த விளையாட்டில் நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் புள்ளியோ அம்புக்குறியோ கிடையாது. ஊர்ப் பலகைகள்கூட எங்களுக்குத் தெரியாத எழுத்தில் இருந்தன. செத்துப்போனால் சேர்த்ததெல்லாம் போய்விடும். மறுபடியும் கடற்கரை, வெறுங்கை.

சுடுவதும் ஒளிப்பதும் ஜெனிற்றா. வழி சொல்வது நான். என்னிடம் கட்டக் கொப்பி ஒன்று இருந்தது. நடந்த ஒவ்வொரு பாதையையும் அதில் கீறினேன். சூரியன் எந்தப் பக்கம் எழும்புகிறது, மத்தியானத்தில் நிழல் எங்கே விழுகிறது, தண்ணீர்த் தாங்கி எந்த ஊரில், தண்டவாளம் எங்கே வளைகிறது என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். துறைமுக ஊருக்குப் பலெர்மோவின் கடற்கரைப் பகுதியான கால்சாவின் பெயரை வைத்தோம், கடைகள் நிறைந்த ஊர் பொலிதேயாமா, மாடி வீடுகள் வரிசையாக நின்ற ஊர் வேறென்ன, பிரான்காச்சோ. அந்தக் கொப்பி பிற்பாடு வீடு மாறியபோது தொலைந்துபோனது. ஆனால் ஒரு பக்கமும் எனக்கு மறக்கவில்லை. ஜெனிற்றாவுக்கு எங்கள் தெருவிலேயே இடம் வலம் பிடிபடாது. எனக்கு ஒருமுறை பார்த்த இடம் போதும். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

"ரண்டு பேரும் நாள் முழுக்கச் செத்தவங்களோடை திரியிறியள், உயிரோட இருக்கிற எங்களோட ஒரு கதையும் இல்லை" என்பது என் அம்மாவின் வழக்கமான பேச்சு.

கார்னிவல் விடுமுறையில் நாங்கள் தொடங்கிய ஆள், ஒருமுறையும் சாகாமல், யூலை மாதம்வரை உயிரோடு இருந்தது. ஒரு பெண் உருவம், பச்சைத் தொப்பி, பெயர் வைக்கவில்லை, "எங்கட ஆள்" என்றுதான் சொல்வோம். பாடசாலையில் எவருடைய ஆளும் இரண்டு கிழமை தாண்டியதில்லை.

யூலைக் கடைசியில் ஒருநாள் ஜெனிற்றா, அடுத்த கிழமை தாங்கள் இங்கிலாந்துக்குப் போகிறோம் என்றாள். இத்தாலியக் குடியுரிமை கிடைத்த குடும்பங்கள் அந்நாட்களில் ஒன்றன்பின் ஒன்றாக அப்படிப் போய்க்கொண்டிருந்தன. அது எனக்குப் புதினமில்லை. அவளுக்கு இது பெப்ரவரியிலேயே தெரியும் என்பதுதான் என்னைச் சுட்டது. கடதாசிகள் கைக்கு வரும்வரை வெளியே கதைக்கக்கூடாது என்று அவளுடைய அம்மா வாயை அடைத்திருக்கிறா. அதை நான் விளங்கிக்கொள்ளவில்லை. ஆறு மாதம் பக்கத்திலிருந்து வழி கேட்டவள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றுதான் நினைத்தேன். அவர்கள் பெட்டிகளோடு கீழே இறங்கிய காலையில், நான் வேண்டுமென்றே அம்மாவோடு பஸ் ஏறி அவவின் வேலை வீட்டுக்குப் போய்விட்டேன். பின்னேரம் வந்தபோது எங்கள் கதவடியில் அந்தக் கொம்பியூட்டர் இருந்தது. ஜெனிற்றாவின் அப்பா தூக்கி வந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை என் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, இரண்டு மாதத்துக்கு மேல் தொடவில்லை.

ஒக்டோபர் கடைசியில், மழைக்கு வெளியே போகமுடியாத ஒரு பின்னேரம், அலுப்புத் தாங்காமல் அதை வெளியே இழுத்து வயர்களைப் பூட்டினேன். எங்கட ஆள் இணையத்தில் ஜெனிற்றாவின் பெயரில் இருந்தது, அவள் அங்கே வேறொரு கொம்பியூட்டரில் அதை நடத்திக்கொண்டிருந்திருக்கிறாள். என் பெயரில் புதிதாகப் பதிந்து உள்ளே போனதும் ஜெனிற்றாவுக்கு அது காட்டிக்கொடுத்துவிட்டது போலும். கொஞ்ச நேரத்தில் திரையின் மூலையில் இங்கிலிஷ் எழுத்தில் தமிழும் இத்தாலியமுமாக ஒரு செய்தி வந்தது. எங்கட ஆள் இன்னும் உயிரோட இருக்கு, ஆனா நான் எங்க நிக்கிறன் எண்டு தெரியேல்லை.

மைக் பூட்டிக் கதைத்தோம். இருவருமே சண்டையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவள் தனியே வழி தெரியாமல் வடக்கே போய், ஒரு வீட்டு மாடியிலிருந்து விழுந்து, ஆளின் காலை உடைத்துவிட்டிருந்தாள். தவழத்தான் முடியும். கையில் ஒரு டின் மீன் மிச்சம். வெளியே "மோர்த்தி" நிற்கிறார்கள். இந்தப் பாடசாலை விடுமுறையோடு விளையாட்டை நிறுத்த வேண்டும் என்று அவளுடைய அம்மா சொல்லிவிட்டா. வகுப்பில் ஒருவரோடும் கதைப்பதில்லை என்று ஆசிரியை சொல்லியனுப்பியிருந்தாராம், வீட்டுக்கு வந்தாலும் திரைக்கு முன்னால்தான் இருக்கிறாள் என்று அம்மாவுக்குக் கோபமாம். இதையெல்லாம் அவள் சாதாரணமாகச் சொன்னாள். பிறகு, "இது செத்தா நான் திரும்பத் தொடங்கமாட்டன்" என்றாள்.

ஊர்ப் பலகை எழுத்து அவளுக்குப் புரியவில்லை, கடல் தெரியவில்லை, தேவாலயம் ஒன்று தெரிகிறது. அந்த நாட்டில் தேவாலயங்கள் பல. பெரிய மின்கோபுரங்கள் தெரிகின்றனவா என்று கேட்டேன். ஓம் என்றாள். எங்கள் "பிரான்காச்சோ"வின் மின்நிலையத்தில் தொடங்கி வடக்கே மலைக்குள் போகும் ஒரு கோபுர வரிசை எனக்குத் தெரியும். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு இலக்கம் எழுதியிருக்கும். ஜெனிற்றா அதைக் கவனித்ததே இல்லை. யன்னலடிக்குத் தவழ்ந்து போய் வாசிக்கச் சொன்னேன். ஐம்பத்தெட்டு.

என் கொப்பி முப்பத்தொன்றோடு முடிந்திருந்தது. அதற்கு அப்பால் நாங்கள் போனதில்லை.

நவம்பர் முதலாந் தேதி எனக்கு விடுமுறை, அவளுக்கு விடுமுறையின் கடைசி நாட்கள். காலையிலேயே தொடங்கினேன். அவள் ஆளை அசையாமல் படுக்க வைத்துவிட்டு மைக்கை மட்டும் திறந்து வைத்திருந்தாள். என் ஆள் புதுசு, கால்சாவுக்குத் தெற்கே கண் விழித்திருந்தது. துறைமுகத்தின் பின்வேலியால் ஊரைச் சுற்றினேன். "பிரான்காச்சோ" மாடி வீடுகளில் மூன்றாம் கட்டடத்துக் குளியலறையில் மருந்துப்பெட்டி இருக்கும் என்று தெரியும், இருந்தது. சீலை கிழித்துத் தடியும் எடுத்துக்கொண்டேன். பிறகு கோபுரம் ஒன்று, இரண்டு, மூன்று. கோபுரங்களுக்குக் கீழே வெட்டை. அங்கே நடந்தால் தூரத்திலிருந்தே கண்டுவிடுவார்கள். ஆகவே காட்டு ஓரத்தால், கோபுரங்களை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு, ஓடாமல் நடந்தேன். ஓடினால் காலடிச் சத்தம் கேட்டு வந்துவிடுவார்கள். முப்பத்தொன்றைக் கடந்தபோது என் நெஞ்சு அடித்த மாதிரி, பிற்காலத்தில் நான் தனியே விமானம் ஏறியபோதுகூட அடிக்கவில்லை.

நாற்பத்து நாலில் ஒரு ஆறு. பாலத்தின் மேல் இருபதுக்குக் குறையாமல் "மோர்த்தி". நீந்தினால் உடுப்பு நனைந்து, மலைக்குப் போகுமுன் குளிரில் செத்துவிடுவேன். திரும்பிப் போக நேரமில்லை. ஜெனிற்றாவின் டின் மீன் முடிந்து, ஆளின் வயிறு இரைவது எனக்குக் கேட்டது.

அன்று அம்மாவும் வீட்டில். அவவின் சிஞ்ஞோரா குடும்பத்தோடு கல்லறைகளுக்குப் பூ வைக்கச் சேமக்காலைக்குப் போயிருந்ததால் வேலையில்லை. தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தவ, நான் திரையைப் பார்த்து முழித்துக்கொண்டிருப்பதைக் கண்டு நின்றா.

"எங்கை போறாய்?"

"ஜெனிற்றாவிட்டை."

அம்மா கட்டில் விளிம்பில் இருந்தா. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பார ஊர்தி நின்றது. நான் அதற்குள் ஏறி ஹோர்னை அழுத்திப் பிடித்தேன். பாலத்திலிருந்த அத்தனை பேரும் திரும்பி ஊர்தியை நோக்கி வரத் தொடங்கினார்கள். மறுபக்கக் கதவால் இறங்கி, நாணல் புதருக்குள் பதுங்கி, அவர்கள் என்னைக் கடந்து போகவிட்டு, பாலத்துக்குக் கீழிருந்து அதன் மேல் ஏறினேன். கை ஓட்ட விசையை அழுத்தப் போனது.

"ஓடாதை. நடந்து போ" என்றா அம்மா. நானும் ஜெனிற்றாவும் படியில் ஏறி இறங்கும்போது நான் அவளுக்குச் சொன்னதையெல்லாம் கோடை முழுவதும் அவ கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறா.

நடந்தே கடந்தேன். அதற்குப் பிறகு அம்மா எழும்பிப் போகவில்லை. ஐம்பதாவது கோபுரமளவில் என் தலையிலிருந்த மைக்கைக் கழற்றி வாங்கி, வாயருகே பிடித்து, "பிள்ளை, சாப்பிட்டியே? அங்கை குளிரே?" என்று கேட்டா. மறுமுனையில் மூக்கு உறிஞ்சும் சத்தம். "இனி வந்திடுவாள், பக்கத்திலை வந்திட்டாள்" என்று சொல்லி மைக்கை என்னிடம் தந்துவிட்டு, அம்மா முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டா.

ஐம்பத்தெட்டாவது கோபுரத்தடியில் தேவாலயம் இருந்தது. வீட்டு வாசலில் நின்ற செத்தவன் ஒருவனைச் சத்தமில்லாமல் சுற்றி, பின்கதவால் புகுந்து, மாடி ஏறினேன். மூலையில் எங்கள் ஆள் பச்சைத் தொப்பியோடு படுத்திருந்தது. இத்தனை மாதமும் அதன் கண்களால்தான் பார்த்திருந்தேன். முன்னால் நின்று அதன் முகத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. காலில் தடி வைத்துக் கட்டினேன், மருந்து கொடுத்தேன், சாப்பாட்டைத் தரையில் வைத்தேன். அது எழுந்து நின்றது.

வரும் வழியெல்லாம் என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருந்ததை விட்டுவிட்டு, "அண்டைக்கு நான் கீழை வந்திருக்கோணும்" என்றேன்.

"பஸ் வரும்வரைக்கும் உன்ரை யன்னலைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றாள் ஜெனிற்றா. பிறகு, "பெப்ரவரியிலையே சொல்லியிருந்தா நீ அப்பவே என்னோட கதைக்கிறதை விட்டிருப்பாய் எண்டு பயம்" என்றாள்.

அவள் சொன்னது சரியாக இருக்கலாம். அன்றைய என்னை எனக்குத் தெரியும்.

"இப்ப எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

கடல் பக்கம் என்றேன். இருவருமாக மலையிறங்கினோம்.

அடுத்த நாள் அம்மா வேலை முடிந்து வரும்போது ஜெனிற்றாவின் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தா. என்ன கதைத்தார்களென்று தெரியாது. சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம் என்று முடிவானது. அந்தக் குளிர்காலம் முழுவதும் சனிக்கிழமைகளில் சந்தித்தோம். நடந்துகொண்டே அவள் புதிய பாடசாலையைப் பற்றிச் சொல்வாள். தை மாதத்தில் ஒரு சிநேகிதியின் பெயர் வந்தது, மாசியில் இரண்டு பெயர்கள். பிறகு சில சனிக்கிழமைகளில் அவள் வரவில்லை. எனக்குக் கோபம் வராதது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எங்கள் ஆள், இத்தனை ஆபத்துகளையும் தாண்டி வந்த ஆள், அடுத்த சித்திரையில் ஒரு குட்டைத் தண்ணீரைக் குடித்து வயிற்றோட்டத்தில் செத்தது. இருவரும் வயிறு நோகும்வரை சிரித்தோம். திரும்பத் தொடங்கவில்லை.

இன்று நான் வீடுவீடாகப் போய் முதியவர்களுக்கு ஊசி போட்டு மருந்து கட்டும் தாதி. பலெர்மோவின் எந்தச் சந்துக்கும் வழி கேட்காமல் ஸ்கூட்டரில் போவேன். அந்த விளையாட்டை நடத்தியவர்கள் அதை மூடிப் பல ஆண்டுகளாகிவிட்டன. அதற்குப் பதில் வந்த புதிய விளையாட்டைக் கடையில் ஒருமுறை பார்த்தேன். நிற்கும் இடத்தை ஒரு நீல அம்பு காட்டுகிறது, போகவேண்டிய இடத்துக்குக் கோடு போட்டுத் தருகிறது. ஒருவரும் தொலையமாட்டார்கள், ஆகவே ஒருவரும் ஒருவரைத் தேடிப் போகவும் வேண்டியதில்லை.

போன கோடையில் ஜெனிற்றா கணவனோடும் கைக்குழந்தையோடும் வந்திருந்தாள். கால்சாக் கடற்கரைப் புல்லில் இருந்து பழைய வழியை இருவரும் சொல்லிப் பார்த்தோம். அவள் காலுடைந்து கிடந்த வீட்டின் முற்றத்தில் ஒரு கிணறு இருந்ததென்றாள். யன்னலால் நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு கிடந்ததாகச் சாதித்தாள். கிணறு கிடையாது என்றேன். அவளுடைய கணவன், போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்தானே என்றான். எங்கே போய்ப் பார்ப்பது? அந்த வீடும் ஊரும் மலையும் உலகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. நாங்கள் இரண்டு பேர் சொன்னால்தான் உண்டு. ஜெனிற்றா இங்கிலாந்துக்குத் திரும்பிய பிறகும் தொலைபேசியில் அந்தக் கிணற்றை விடவில்லை.

கிணறு இருக்கவில்லை. அந்த முற்றத்தைக் கடந்து போனவள் நான்.