சோலையின் கட்டில்

நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள் நான். படிப்பும் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டது. எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மாமனாரை எங்கே வைத்துப் பார்ப்பது என்று இப்போது எங்கள் வீட்டில் பேச்சு நடக்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் பெரியப்பாவின் நினைவு வந்துவிடுகிறது.

பெரியப்பா கல்யாணம் செய்துகொள்ளாதவர். கப்பலுக்கும் கரைக்கும் சரக்கு சுமக்கும் தொங்கான் படகில் முப்பது வருஷம் வேலை பார்த்தார். வயதானபின் பினாங்கில் நாங்கள் குடியிருந்த மாடி அறைக்கு வந்தார். கொஞ்ச நாளில் என்னையே யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கத் தொடங்கினார். சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போவார். தேடினால், டிராம் தண்டவாளத்தோரமாக ஆயர் ஈத்தாம் பக்கம் நடந்துகொண்டிருப்பார். எங்கே போகிறீர்கள் என்றால், "சோலை காத்துக்கிட்டு இருக்கான்" என்பார். சோலை அவருடன் தொங்கானில் இருந்தவர். ஊருக்குக் கப்பலேறிப் பல வருஷம் ஆயிற்று என்று அப்பா சொன்னார்.

அம்மா மாடிப்படிக்குக் குறுக்கே கயிறு கட்டினாள். அதையும் அவர் தாண்டிவிட்டார். கப்பலேற்றி ஊரில் சொந்தக்காரர்களிடம் அனுப்பலாம், நிபோங் திபால் தோட்டத்தில் அத்தை வீட்டில் விடலாம், ஆதரவற்ற கிழவர்களுக்கென்று ஆயர் ஈத்தாமில் ஒருவர் நடத்தும் வீட்டில் சேர்க்கலாம் என்று மூன்று யோசனைகள் இருந்தன. அத்தை முடியாது என்றுவிட்டார். கப்பலில் வழியிலேயே போய்விடுவார் என்று அம்மா அழுதாள். கூடப் பிறந்தவனை அநாதைகளோடு தள்ளினான் என்று ஊர் பேசும் என்பது அப்பாவின் பயம். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு ஞாயிறு மத்தியானம் அப்பாவும் பெரியப்பாவும் நானும் டிராமில் போனோம். பெரியப்பாவின் கையை நான் பிடித்திருந்தேன்.

நீளமான பலகை வீடு. மழைக்காக எல்லாச் சன்னலும் சாத்தியிருந்தது. பன்னிரண்டு கட்டில். பதினோரு கிழவர்கள் தேநீர் வாங்க உட்கார்ந்திருந்தார்கள். கடைசிக் கட்டிலில் மட்டும் ஒருவர் தலையோடு போர்த்திப் படுத்திருந்தார். அவர் பக்கத்திலும் ஒரு மங்குக் குவளை தேநீர் ஆவி பறந்துகொண்டிருந்தது.

அவருக்கு உடம்பு சரியில்லையா என்று அப்பா கேட்டார். வீட்டை நடத்துகிறவர் அப்பாவைத் தள்ளிக் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார். "ஆளு இல்லலா, அண்ணே. தலகாணிதான். நேத்துதான் ஒருத்தர் போனாரு. காலியா கெடந்தா மத்தவங்க தூங்க மாட்டாங்க, அடுத்தது யாருன்னு எண்ணிக்கிட்டே கெடப்பாங்க. புது ஆளு வர்ற வரைக்கும் இப்படித்தான்."

அப்பா ஊருக்கே அனுப்பிவிடுகிறேன் என்று கும்பிட்டுத் திரும்பினார்.

அதற்குள் பெரியப்பா என் கையை உதறிவிட்டுக் கடைசிக் கட்டிலுக்குப் போய்விட்டார். போர்வைமேல் கை வைத்தார்.

"சோலை, தள்ளிப் படுடா. எவ்வளவு நேரமா நடக்கிறேன்."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவரின் கை நின்றது. நேற்றுப் போனவரின் பெயரை இவரிடம் யார் சொன்னது என்று கேட்டார். ஒருவரும் சொல்லவில்லை.

போர்வை சுவர்ப்பக்கமாக மெதுவாக நகர்ந்தது. நான் பார்த்தேன். பெரியப்பா கை பட்டு நகர்ந்தது என்று பிறகு அப்பா சொன்னார். அப்போது பெரியப்பா அந்தத் தேநீர்க் குவளையை எடுத்து இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். மீதியிருந்த இடத்தில் அவர் ஒருக்களித்துப் படுத்து, ஒரு வருஷமாகத் தூங்காதவர் போலத் தூங்கிப்போனார்.

அப்பா எழுப்பவில்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் டிராம் ஏறினோம். பெரியப்பா வழி தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டார், யாராவது திரும்பக் கூட்டிவர வேண்டும் என்று வழியெல்லாம் நான் அழுதேன். அவர் ஒரு நாளும் வழி தவறிப் போனதில்லை, நாங்கள்தான் ஒவ்வொரு முறையும் பாதியில் மறித்துத் திருப்பிக்கொண்டிருந்தோம் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அப்பா அவருடைய தகரப்பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அம்மா மாடிப்படிக் கயிற்றை அவிழ்த்துப் பின்கட்டில் துணி காயப்போடக் கட்டினாள்.