வெள்ளிக்கிழமைப் பாபத்

ஜுனைட் சம்மாந்துறையில் பிறந்து கல்முனைக்குடியில் மாப்பிள்ளையானவன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண்தான் அவள் வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும். மனைவி ஸம்றா, மாமா முனாப், மாமி பரீனா என்று மூன்று பேர் ஏற்கெனவே புழங்கும் வீட்டில் நாலாவது ஆளாக நுழைவது எவ்வளவு கூச்சமான வேலை என்று கலியாணம் பேசுகிற எவரும் சொல்வதில்லை. எந்தக் கதிரை மாமாவுடையது, குளியலறையில் எவ்வளவு நேரம் நிற்கலாம், எல்லாவற்றையும் மூக்குடைபட்டே படிக்க வேண்டும்.

அவனுக்கு ஆறுதல் ஒரு பழைய பிரித்தானிய நகைச்சுவைத் தொடர். லண்டனில் ஒரு சின்ன மாடிவீட்டில் சேர்ந்திருக்கும் இரண்டு கூட்டாளிகளின் கதை. வாய் ஒன்று சொல்லும். மனசுக்குள் வேறொன்று ஓடும், அது நமக்கும் கேட்கும். மானத்தைக் காக்க ஒரு பொய், அந்தப் பொய்யைக் காக்க இன்னொன்று. பார்க்கிற நமக்கே உடம்பு கூசும். ஜுனைட் முதல் இரண்டு மூன்று சீசன்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பான். பிந்திய சீசன்களில் அவர்கள் இப்படி வாழவே பழகிவிட்டார்கள், முந்தியவற்றில்தான் இன்னும் வெட்கப்படுகிறார்கள் என்பான். பிரதேச செயலகத்தில் கோப்புத் தூக்குகிறவனுக்கு இது கொஞ்சம் கூடுதலான யோசனைதான், ஆனாலும் பிழையில்லை.

அவனுடைய சொந்தப் பொய் பாபத் கறியில் இருந்தது. அந்த மாட்டு வயிற்றுக் கறிதான் அந்த வீட்டில் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு. மாமாவுக்கு அதென்றால் உயிர் என்று மாமி முதல் வெள்ளியே பெருமையாகச் சொன்னார். ஜுனைடுக்கோ அந்த வாடையே குமட்டும். மாமியின் முகத்தைப் பார்த்தான். "எனக்கும் உசிருதான், மாமி" என்று வாய் சொல்லிவிட்டது.

அதோடு தொலைந்தான். ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்ததும் மாமாவும் அவனும் ஒரே சஹனில் உட்காருவார்கள். ஒரு பெரிய தட்டில் கூடிச் சாப்பிடும்போது, மற்றவர் உண்டுகொண்டிருக்க முந்திக் கையெடுப்பது மரியாதையில்லை. மாமா சாப்பிட்டு முடித்துக் கையெடுக்கட்டும் என்று மருமகன் காத்திருப்பான். மாமாவோ கையெடுக்கவே மாட்டார். இரண்டு பேரும் விடாமல் உண்பதைப் பார்த்துப் பூரித்துப்போன மாமி, சட்டியோடு வந்து இன்னும் போடுவார்.

எட்டு மாதம் இப்படியே போனது. உண்மையைச் சொன்னால் மாமியின் அன்பு போய்விடும். சொல்லாவிட்டால் தான் இந்த வீட்டில் சாகும்வரை விருந்தாளிதான். இதை நினைத்து நினைத்து அவன் உள்ளுக்குள் வெந்துபோனான்.

போன வெள்ளி மாமி தண்ணீர் எடுக்கக் குசினிக்குள் போன நேரம், அவன் கை பாதிவழியில் நின்றுவிட்டது.

"மாமா, எனக்கு பாபத் சரிவராது. அண்டைக்கு மாமிட முகத்துக்காகச் சொன்ன பொய் அது."

முனாப் மாமா வாயிலிருந்ததை மெதுவாக விழுங்கினார். ஏச்சு விழப்போகிறது என்று ஜுனைட் தலையைக் குனிந்துகொண்டான். மாமாவும் ஒருகாலத்தில் இந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைதான் என்பது அவனுக்கு நினைவிலேயே வரவில்லை.

"எனக்கும் சரிவராது, மகன்," என்றார் மாமா. "முப்பத்திரெண்டு வருசமாத் திங்கிறன்."

ஜுனைடுக்குச் சிரிப்பு வரவில்லை. பயம்தான் வந்தது. எட்டு மாதத்திலேயே உயிர் போகிறதே என்றிருந்தவன், அந்த மனுசனின் நரைத்த தாடியையும், சோற்றுக்குள் பொறுமையாகக் கிடந்த கையையும் பார்த்தான். பாவமாக இருந்தது.

மாமி திரும்பி வரும் சத்தம் கேட்டது. மாமா அவன் பக்கம் சாய்ந்தார்.

"நீ மாமிக்கிட்ட சொல்லக்குள்ள என்ட பேரையும் சேத்துச் சொல்லு."